கேஸ் கட்டைத் தர மறுக்கும் வக்கீல்: பார் கவுன்சிலுக்குப் போனால் என்ன கிடைக்கும்?

கேள்வி: அப்பா காலத்து நிலத்தில் என் பங்கைக் கேட்டு, இரண்டு அண்ணன்கள்மீது 2019-ல் சப் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன். நான் தையல் வேலை செய்பவள். வக்கீலுக்கு இதுவரை 65,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். பாதிக்கு மேல் கையில் கொடுத்தது, ரசீது கிடையாது. மிச்சம் ஜி-பே. ஒவ்வொரு தடவையும் "வாய்தா போட்டிருக்கும்மா, நீங்க வர வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் சொல்வார். போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் போனில் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க கேஸ் அக்டோபர்லயே டிஸ்மிஸ் ஆயிடுச்சு" என்றான். வக்கீலிடம் போய்க் கேட்டால், "30,000 பாக்கி இருக்கு, கட்டிட்டுக் கட்டை எடுத்துட்டுப் போங்க" என்கிறார். அந்தக் கட்டில்தான் அப்பா பெயரில் உள்ள 1974-ம் வருடத்துக் கிரையப் பத்திரம் அசலாக இருக்கிறது. ஊரில் வேறு வக்கீல்கள், "அவர் சீனியர், நாங்க தலையிட மாட்டோம்" என்று ஒதுங்குகிறார்கள். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா? பார் கவுன்சிலில் புகார் கொடுத்தால் பணம் திரும்பி வருமா? அவருடைய சன்னது (வக்கீல் தொழில் செய்யும் உரிமம்) ரத்தாகுமா?
(டெல்டா மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: அம்மா, வக்கீலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வழக்கு. உங்கள் கடிதம் முழுக்க அவர்மேல் இருக்கும் கோபம்தான் தெரிகிறது. நியாயமான கோபம். ஆனால் நீங்கள் புகார் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் நிலம் கைவிட்டுப் போய்விடக் கூடாது.

வாதி வராததால் தள்ளுபடியான வழக்கைத் திரும்பக் கோப்புக்கு எடுக்கச் சொல்லி மனுப் போட, சட்டம் கொடுக்கும் காலம் தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாள். அது உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. அதனால் இரண்டு மனு வேண்டும்: வழக்கை மீட்க ஒன்று, தாமதத்தை மன்னிக்கக் கேட்டு இன்னொன்று. இரண்டாவதில்தான் உயிர் இருக்கிறது. அதில் சும்மா "உடல்நிலை சரியில்லை" என்று டைப் அடித்துக் கொடுக்கும் பழைய வழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நீங்கள் வர வேண்டாம் என்று வக்கீல் சொன்னார், நம்பினேன், இந்தத் தேதியில்தான் எனக்குத் தெரியவந்தது. அவ்வளவுதான்.

வக்கீல் செய்த தவறுக்குக் கட்சிக்காரர் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981-லேயே ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் சொல்லிவிட்டது. அதைக் காட்டினாலே போதும் என்று யாராவது சொன்னால் முழுசாக நம்ப வேண்டாம். 1993-ல் சலில் தத்தா வழக்கில் அதே நீதிமன்றம், அந்தச் சலுகை எல்லோருக்கும் கிடையாது என்றது. கல்கத்தாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு கம்பெனி, "எங்கள் வக்கீல் வர வேண்டாம் என்றார்" என்று சொல்வதும், ஊர்ப்பக்கத்துச் சாதாரண மனிதர் சொல்வதும் ஒன்றல்ல என்று பிரித்துப் பார்த்தது. நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொரு சின்ன ஆறுதலும் உண்டு. சொத்து இன்னும் பிரிபடாமல் பொதுவில் இருக்கும்வரை பங்கு கேட்கும் உரிமை தொடர்ந்துகொண்டே இருக்கிறது என்பதால், பாகப்பிரிவினை வழக்கு டிஃபால்ட்டில் (வாதி வராததால்) தள்ளுபடியாகிப் போனாலும் புதிதாகப் போடத் தடையில்லை என்று நீதிமன்றங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன. ஆனாலும் பழைய வழக்கை மீட்பதே மேல். மறுபடி கோர்ட் ஃபீஸ், மறுபடி சம்மன் என்று வருடக்கணக்கில் பின்னால் போக வேண்டியதில்லை. இடையில் உங்கள் அண்ணன்கள் நிலத்தை யாருக்காவது விற்றால், வழக்கு நிலுவையில் இருக்கும்போது விற்றதற்கும் இல்லாதபோது விற்றதற்கும் வித்தியாசம் நிறைய.

உள்ளூரில் யாரும் வர மாட்டேன் என்கிறார்களா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவச வக்கீல் தர வேண்டும். பழைய வக்கீல் ஒப்புதல் கையெழுத்துப் போடாவிட்டால் வக்காலத்தை மாற்ற முடியாது என்று பயமுறுத்துவார்கள். அவர் மறுத்தால் நீதிமன்றத்தில் அனுமதி மனுப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். ஒரு சங்கதி சொல்கிறேன்: 2010-ல் கோயம்புத்தூர் வழக்கறிஞர் சங்கம் சில போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போட்ட விவகாரத்தில், அப்படிப்பட்ட தீர்மானங்களே சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. தனி வக்கீல் ஒருவர் "எனக்குச் சங்கடம்" என்று ஒதுங்குவது வேறு விஷயம். அவரை இழுத்துப் பிடித்து வாதாட வைத்தாலும் உங்களுக்கு லாபமில்லை. பக்கத்து ஊர் வக்கீல்களிடம் போய்விடுங்கள்.

அடுத்தது கட்டு.

ஃபீஸ் பாக்கி என்று சொல்லி கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த வக்கீலுக்கும் உரிமை கிடையாது. இதில் ஒரு சதவீதம்கூடச் சந்தேகம் வேண்டாம். ஆர்.டி. சக்சேனா வழக்கு, 2000-ம் வருடம். போபாலில் ஒரு கூட்டுறவு வங்கிக்கு ஆஜராகிவந்த வக்கீல், தனக்கு 97,100 ரூபாய் வர வேண்டும், அதுவரை கட்டுகளைத் தர மாட்டேன் என்றார். அடகுக் கடைக்காரர் நகையைப் பிடித்து வைப்பதுபோல இதைப் பிடித்து வைக்க முடியாது, கட்டு கட்சிக்காரருக்குச் சொந்தம், தர மறுப்பது தொழில் ஒழுங்கீனம் என்பதுதான் தீர்ப்பின் சாரம். பணம் வர வேண்டும் என்றால் அவர் தனியாக வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். அந்த வக்கீலை இந்திய பார் கவுன்சில் 18 மாதம் தொழில் செய்யக் கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தது. சட்டம் அதுவரை அவ்வளவு தெளிவாக இல்லை என்பதால் உச்ச நீதிமன்றம் தண்டனையைக் கண்டனத்தோடு முடித்தது. அந்தச் சலுகை அவரோடு போயிற்று. இன்றைக்கு யாரும் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

அதனால் அந்த 30,000-த்தைக் கடன் வாங்கிக் கட்டாதீர்கள். கட்டைத் திருப்பித் தரச் சொல்லி நீங்களே ஒரு கடிதம் எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தமிழில் எழுதினால் போதும். "என் வழக்குக் கட்டையும் அசல் பத்திரத்தையும் பத்து நாளைக்குள் தாருங்கள்" என்ற ஒரு வரி இருந்தால் சரி. திட்டி எழுத வேண்டாம். 1974 பத்திரத்துக்காக வழக்கு காத்திருக்கவும் வேண்டாம்: சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். இன்னொன்று, வழக்குப் போட்டபோது பிராதின் (வழக்கு மனுவின்) கடைசியில் ஆவணப் பட்டியல் ஒன்று இருக்கும். அதற்கு நகல் மனுப் போட்டுப் பாருங்கள். அசல் பத்திரமே கோர்ட்டில் தாக்கலாகி அங்கே பத்திரமாக இருக்கும் நிலையை நான் பார்த்திருக்கிறேன். கட்சிக்காரர் வக்கீல் வீட்டு வாசலில் அழுதுகொண்டிருப்பார், பத்திரம் கோர்ட் ஷெல்ஃபில் தூங்கிக்கொண்டிருக்கும்.

இனி உங்கள் முதல் கேள்வி. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு இப்போது வழியில்லை. 2007-ல் தேசிய நுகர்வோர் ஆணையம், வக்கீல்களும் சேவை தருபவர்கள்தான், வழக்குப் போடலாம் என்றது. 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. வக்கீலைக் கட்டுப்படுத்துவது கட்சிக்காரர்தான், அவர் சொல்படிதான் வக்கீல் நடக்கிறார், ஆகவே இது நுகர்வோர் சட்டத்துக்குள் வராத தனிப்பட்ட சேவை ஒப்பந்தம் என்றது தீர்ப்பு. எங்கள் வக்கீல் ஆட்கள் கொண்டாடினார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை. டாக்டர்கள் 1995-லிருந்து அந்தச் சட்டத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், மருத்துவம் ஒன்றும் மூழ்கிவிடவில்லை. அப்புறம், "வக்கீலைக் கட்டுப்படுத்துவது கட்சிக்காரர்தான்" என்ற வரியை உங்களைப்போல ஒருவர் படித்தால் சிரிப்பாரா அழுவாரா தெரியவில்லை. வக்கீல் ரூம் பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்து, குமாஸ்தா கூப்பிட்டால்தான் உள்ளே போகிற ஆள் யாரைக் கட்டுப்படுத்துவார்?

ஆனால் கதவு முழுக்க மூடவில்லை. 1926-ம் வருடத்து வக்கீல் கட்டணச் சட்டத்தில் 5-வது பிரிவு என்று ஒன்று இன்னமும் இருக்கிறது: வக்கீலாக இருக்கும் ஒரே காரணத்துக்காக, அவருடைய அஜாக்கிரதையால் வந்த நஷ்டத்துக்கு வழக்குப் போட முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. சாதாரண சிவில் கோர்ட்டில் ஃபீஸைத் திருப்பிக் கேட்டும் நஷ்டஈடு கேட்டும் வழக்குப் போடலாம். நுகர்வோர் மன்றத்தைவிடச் செலவும் காலமும் அதிகம், அதை மறைக்கவில்லை. வழக்கு திரும்பக் கோப்புக்கு வந்துவிட்டால் உங்கள் நஷ்டம் என்பது கொடுத்த ஃபீஸும் வீணான மாதங்களும்தான். அதற்காகத் தனி வழக்கு வேண்டுமா என்பதை அப்போது யோசிக்கலாம்.

பார் கவுன்சிலுக்கு வருவோம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஊர்க் கோர்ட்டில் இருக்கும் பார் அசோசியேஷன் வேறு, பார் கவுன்சில் வேறு. அசோசியேஷன் ஒரு சங்கம். அதன் தலைவரிடம் புகார் கொடுத்தால் கூப்பிட்டுப் பஞ்சாயத்து பேசுவார், சன்னதில் கைவைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு, 1961-ம் வருடத்து வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவில். ஜட்ஜிடம் சொன்னால் அவரே பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்பீர்கள். நீதிமன்ற அவமதிப்பு வழக்கில்கூடத் தண்டனையாகச் சன்னதைப் பறிக்க முடியாது, அது பார் கவுன்சிலின் வேலை என்று 1998-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 2016-ல் நம் உயர் நீதிமன்றம் வக்கீல்களை நீதிமன்றமே தடை செய்யலாம் என்று விதிகள் கொண்டுவந்து, வக்கீல்கள் தெருவில் இறங்கிப் போராடியது நினைவிருக்கலாம். அந்த விதிகளும் 2019 ஜனவரியில் ரத்தாயின. ஆக, வக்கீலை விசாரிப்பது வக்கீல்கள்தான். மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு, மூன்று பேரும் வழக்கறிஞர்கள். இதில் உங்களுக்குச் சந்தேகம் வந்தால் நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் குழு நான்கில் ஒன்றைத்தான் செய்யலாம். புகாரைத் தள்ளலாம், கண்டிக்கலாம், ஒரு காலத்துக்குத் தொழில் செய்யாமல் நிறுத்தி வைக்கலாம், பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கலாம். நீங்கள் கேட்ட "பணம் திரும்பி வருமா" என்பது இந்த நான்கில் இல்லை. விசாரணைச் செலவுத் தொகை போடலாம், அவ்வளவே. புகார் கொடுப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் ஏமாறும் இடம் இது. இந்த ஆள் இந்தத் தொழிலில் இருக்கத் தகுதியானவரா என்ற ஒரே கேள்வியைத்தான் பார் கவுன்சில் கேட்கும். உங்கள் கணக்கு அங்கே தீராது.

அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. சும்மா அஜாக்கிரதை மட்டும் ஒழுங்கீனம் ஆகாது. 1963-ல் 'பி' என்று மட்டும் குறிப்பிடப்பட்ட ஒரு வக்கீலின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது: மறதியும் தவறான கணிப்பும் எல்லோருக்கும் வரும், அதோடு நேர்மைக்கேடு சேர வேண்டும். நானே ஒரு முறை செய்திருக்கிறேன். ஜூனியர் டைரியில் 17-க்குப் பதில் 27-ல் குறித்துவிட்டார், வழக்கு போய்விட்டது. அன்று சாயங்காலமே கட்சிக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் செலவிலேயே மனுப் போட்டு மீட்டோம். அவர் என்னைத் திட்டினார், நியாயம். அது தப்பு, ஆனால் ஒழுங்கீனமில்லை. உங்கள் வக்கீல் வாய்தாவுக்குப் போகாதது மட்டும் இருந்தால் அவரும் "மறந்துவிட்டேன்" என்று தப்பித்துக்கொள்வார்.

இங்கேதான் உங்கள் போன் வேலைக்கு வருகிறது. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்கின் 16 எழுத்து எண்ணைப் போட்டால் ஒவ்வொரு வாய்தாவிலும் கோர்ட்டில் என்ன நடந்தது என்று வரும். அதை இடது பக்கம் எழுதுங்கள். அதே தேதிக்கு வக்கீல் உங்களுக்கு அனுப்பிய மெசேஜை, மணியோடு, வலது பக்கம் எழுதுங்கள். வழக்கு தள்ளுபடியான நாளுக்குப் பிறகு அவர் ஒரே ஒரு தடவையாவது "வாய்தா போட்டிருக்கும்மா" என்று அனுப்பியிருந்தால், அந்த வரியைச் சிவப்பு மையில் கோடு போடுங்கள். செத்த வழக்கு உயிரோடு இருப்பதாகச் சொன்னது மறதி ஆகாது. அதற்குப் பெயர் ஏமாற்று. அதற்குப் பிறகு ஜி-பேயில் பணமும் வாங்கியிருந்தால் இன்னும் வலு. பேங்க் ஸ்டேட்மென்ட்டும், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டுகளுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழும் சேருங்கள். கையில் கொடுத்த பணத்தைக் குத்துமதிப்பாகப் பெரிதாக்கி எழுதாதீர்கள். தண்டனை தரக்கூடிய விசாரணை என்பதால் ஆதாரம் கெட்டியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஒரு இடத்தில் மிகைப்படுத்தினீர்கள் என்று குறுக்கு விசாரணையில் காட்டிவிட்டால் மற்றதும் ஆட்டம் காணும்.

இது நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. 1979-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ரங்கதுரை வழக்கு. காது கேளாத ஒரு முதியவருக்காகப் பிராமிசரி நோட்டின்பேரில் வழக்குப் போடப் பணம் வாங்கிக்கொண்டு, வழக்கே போடாமல், போட்டாகிவிட்டது என்று வக்கீல் சொல்லிக்கொண்டே இருந்தார். மாநில பார் கவுன்சில் ஆறு வருடம் நிறுத்தியது. இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருடமாக்கியது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், வெறுமனே வீட்டில் உட்காரவைப்பதால் யாருக்கு லாபம் என்று யோசித்து, ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி செய்யச் சொல்லியும், பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்கச் சொல்லியும் உத்தரவிட்டார். உடன் இருந்த நீதிபதி ஏ.பி. சென் அதற்கு ஒப்பவில்லை. பாதிக்கப்பட்டவர் கைக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்று யோசித்த அபூர்வமான உத்தரவு அது. அதை நம்பி நீங்கள் கணக்குப் போடக் கூடாது. சன்னது ரத்தாகுமா என்று கேட்டீர்கள். உங்கள் வழக்கில் ஒழுங்கீனம் நிரூபணமானால் கண்டனமோ, சில மாதமோ சில வருடமோ நிறுத்தி வைப்பதோ வரலாம். பெயரையே நீக்குமளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை.

புகாரைத் தமிழிலேயே கொடுக்கலாம், விதியிலேயே இடமிருக்கிறது. மனு வடிவில், கையெழுத்துப் போட்டு, இதில் சொன்னதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழியோடு இருக்க வேண்டும். உங்களுக்காக வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. மேலோட்டமாக முகாந்திரம் இருக்கிறது என்று கவுன்சில் கருதினால்தான் குழுவுக்குப் போகும். அதனால் முதல் இரண்டு பக்கத்திலேயே அந்தச் சிவப்புக் கோடு போட்ட வரி கண்ணில் பட வேண்டும். அண்ணன்களின் வக்கீலும் இவரோடு சேர்ந்து சதி என்று சந்தேகத்தில் எழுதாதீர்கள். எதிர்த் தரப்பு வக்கீல் உங்களுக்குக் கடமைப்பட்டவர் இல்லை, புகாரே வலுவிழக்கும். ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும் என்று 36-பி பிரிவு சொல்கிறது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் இந்தக் காலக்கெடுவைக் கடைப்பிடிக்கச் சொன்னது. காகிதத்தில் ஒரு வருடம். நீங்கள் இரண்டு மூன்று தையல் சீசனுக்குத் தயாராக இருங்கள்.

போலீஸுக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்வார்கள். ஃபீஸ் தகராறுக்குப் போலீஸ் தேவையில்லை. கோர்ட் ஃபீஸ் கட்ட என்று தனியாக வாங்கிக் கட்டாமல் விட்டது, உங்கள் பெயரில் வந்த பணத்தை எடுத்துக்கொண்டது என்று இருந்தால் விஷயம் வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

கடிதமோ புகாரோ போய்ச் சேர்ந்ததும் பெரும்பாலும் போன் வரும். "அம்மா, கோவிச்சுக்காதீங்க, வந்து கட்டை வாங்கிக்கோங்க, புகாரை வாபஸ் வாங்கிடுங்க." புகாரை வாபஸ் வாங்குவது உங்கள் இஷ்டம். ஆனால் சமரசமாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக விசாரணையைக் கைவிடக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது, அதனால் உங்கள் கையெழுத்தால் அவருக்கும் முழு நிம்மதி கிடைத்துவிடாது. கட்டை வாங்கப் போகும்போது துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். "எனக்கு எந்தப் புகாரும் இல்லை, எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு தாள் தயாராக மேஜைமேல் இருக்கும். அதில் கைவைக்கும் முன் கட்டின் நாடாவை அவிழ்த்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டி, 1974 பத்திரம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.